பூச்சுக்கு முன்னம்

யாழ்ப்பாணத்தில் எங்கட வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது. அடுத்த கிழமை பூச்சு. அதுக்கு முன்னம் இன்டர்நெட் கேபிளுக்குப் பைப் பதிக்கவேணும் என்றோம். "அதான் வைஃபை இருக்கே, பிறகேன் வயர்?" என்றார் அப்பா.

2020இல் பள்ளிக்கூடங்கள் மூடியிருந்தபோது வாடகை வீட்டில் இருந்தோம். விறாந்தையில் இருந்த ரவுட்டர் பின்னறைக்கு எட்டாது. சூம் வகுப்பெல்லாம் மாமரத்தடியில்தான்.

அதால இந்தமுறை ரவுட்டர் வீட்டின் நடுவில். அங்கிருந்து அறைக்கு ஒரு கேட் 6 கேபிள். 100 மீற்றர் வரை விநாடிக்கு ஒரு கிகாபிட் தாங்கும்; எங்களுக்கு 20 மீற்றரே போதும். கரண்ட் வயர் போற பைப்புக்குள் இதை விடக்கூடாது, தனிப் பைப் வேணும். கேபிளுக்கு இப்ப காசில்லாட்டி, நைலோன் கயிறொன்றை உள்ளே விட்டுவைத்தால் பிறகு இழுக்கலாம்.

அப்பா கணக்குப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்களெல்லாம் வெளிநாடு போயிடுவியள். ஆருக்கு இந்த நாலு பைப்பும்?"

எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. தங்கச்சிதான் சொன்னாள்: "இஞ்ச இருந்து வேலை செய்ய வழி இருந்தால்தானே அப்பா, இருக்கிறதைப் பற்றி யோசிக்கலாம்."

நாலு பைப்பும் பதித்தாயிற்று. மூன்றுக்குள் இப்போதைக்குக் கயிறு மட்டும்தான். ஆர் இருப்பம், ஆர் போவம் என்று எங்களுக்கே தெரியாது. ஆனால் இருக்கிற ஆள் சுவரை உடைக்கத் தேவையில்லை.