கியூ கொடுத்தவள் பார்த்தது

ஆடிஷனில் கேமராவுக்குப் பக்கத்தில் தாளும் கையுமாக நின்று எதிராளியின் வசனத்தைப் படிக்கிற ஆளை, நடிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. உதவி இயக்குநராகச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான்; கியூ கொடுப்பது என்பார்கள். மும்பையில் நடிகர் தேர்வுக்கென்றே காஸ்டிங் டைரக்டர்கள் ஆபீஸ் போட்டிருக்கிறார்கள். ஆஸ்கர் அகாடமிகூட 2025-இல் வெளியான படங்கள் தொடங்கி இந்தக் கலைக்குத் தனி விருது வைத்துவிட்டது. சென்னை சாலிகிராமத்தில் பல படங்களுக்கு இன்னமும் நடிகர் தேர்வு உதவி இயக்குநர் தலையில்தான் விழுகிறது. அதற்கென்று தனியாகப் பேட்டா எதுவும் கிடையாது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் கோ-டைரக்டர். முதல் பாடம் போட்டோ. ஸ்டூடியோவில் கூலிங்கிளாஸ் போட்டு எடுத்ததையெல்லாம் ஒதுக்கச் சொல்வார். "இது அவர் ஆசைப்படுற முகம்மா. வாசல்ல வந்து நிக்கிற முகம் எங்க?" பகல் வெளிச்சத்தில், மேக்கப் இல்லாமல், ஃபில்டர் போடாமல் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உயரத்துக்கு ஒன்று. இதற்கு மேல் எங்களுக்கு வேண்டியதில்லை. ஆனால் அது இன்றைய முகமாக இருக்க வேண்டும். போட்டோவில் இருந்த தாடியை நம்பிக் கூப்பிட்டால், மழுமழுவென்று வந்து நிற்பவர்கள் உண்டு.

அடுத்தது வீடியோ. வருவதில் பாதி, ஏதாவது ஒரு வெற்றிப்படத்தின் கைத்தட்டல் வசனமாகத்தான் இருக்கும். பார்க்கிறவர் மனதில் அசல் நடிகர் வந்து உட்கார்ந்துவிடுவார். அனுப்பியவர் காணாமல் போவார். வட்டிக்காரரிடம் இன்னும் ஒரு வாரம் தவணை கேட்கிற மாதிரி ஒரு சாதாரண விஷயத்தை, தன் ஊர்ப் பேச்சிலேயே செய்து அனுப்பினால் உடனே நிமிர்ந்து பார்ப்போம். நெல்லைப் பேச்சும் கொங்குப் பேச்சும் சரியாக வருகிற ஆளுக்கு எப்போதும் தேவை இருக்கிறது. சென்னைக்கு வந்ததும் அதைக் கழுவிவிட்டு வருகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

கியூ கொடுப்பதில்தான் நான் அதிகம் கற்றேன். நாங்கள் வைத்திருந்த காட்சி சின்னது. அக்கா, தம்பியிடம் அடகு வைத்த வளையலைப் பற்றிக் கேட்கிறாள். அக்கா வசனம் என்னுடையது. பலர் நான் பேசி முடிப்பதற்காகக் காத்திருப்பார்கள். தங்கள் வரி உதட்டில் தயாராக இருப்பது தெரியும். ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே வாய்ப்புத் தேடிய தேனிக்காரர் ஒருவர் வந்தார். "வளையல் எங்கடா?" என்றதும் பதில் சொல்லாமல் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். தாளில் அப்படி எதுவும் இல்லை. எனக்கு அடுத்த வரி தானாகவே கோபமாக வந்தது. கோ-டைரக்டர் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "பேசாதப்ப என்ன பண்றார்னு பாரும்மா, அதான் நடிப்பு" என்றார்.

பிறகு அவரிடம், "இதையே சிரிச்சுக்கிட்டுப் பண்ணுங்க தம்பி" என்றார். முதலில் செய்தது தப்பென்று இதற்கு அர்த்தமில்லை. சொன்னதை வாங்கிக்கொண்டு மாற்ற முடிகிறதா என்று பார்ப்பதற்காகக் கேட்பது. இந்த இடத்தில் முகம் வாடிப்போய் அதே நடிப்பை இன்னும் சத்தமாகச் செய்கிறவர்கள்தான் அதிகம்.

அந்தத் தேனிக்காரருக்கு அந்த வேடம் கிடைக்கவில்லை. அக்காவாக ஒப்பந்தமான நடிகைக்கும் அவருக்கும் துளியும் முகஜாடை இல்லை, அவ்வளவுதான். நடிப்பு போதாமல் கழிபடுகிறவர்களைவிட உயரம், வயது, ஜோடிப்பொருத்தம் என்று கழிபடுகிறவர்கள் அதிகம். ஆனால் கோ-டைரக்டர் டைரியில் அவர் பெயர் ஏறியது. அந்த டைரியில் இடம் பிடிப்பதுதான் உண்மையான தேர்வு என்பேன்.

அந்த டைரியில் இருப்பவர்களில் பலர் ஆபீஸ் படியே ஏறாதவர்கள். மேடையிலோ குறும்படத்திலோ கண்ணில் பட்டவர்கள். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்துதான் பசுபதியும் குரு சோமசுந்தரமும் வந்தார்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கெழுதிக்கொண்டே நடிகர்களைக் கவனித்தவர்; கார்த்திக் சுப்பராஜின் குறும்படங்களில் நடித்து, 2012-இல் 'பீட்சா'வுக்கு வந்தார். குறும்படம் எடுக்கும் பையன் நாளைக்கு இயக்குநராகிறபோது, கூட நின்றவரைத்தான் முதலில் தேடுவான்.

ஏஜென்ட், மேனேஜர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு மூன்று படம் வெளிவந்து, தேதி பார்க்கவும் சம்பளம் பேசவும் ஆள் தேவைப்படும்போது மேனேஜர் போதும். அவர் கமிஷன் எடுப்பது வாங்கிக்கொடுத்த சம்பளத்திலிருந்து. பதிவுக் கட்டணம், கார்டு, போர்ட்ஃபோலியோ என்று முன்கூட்டியே பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். பெண்கள் லாட்ஜ் அறையில் நடக்கும் ஆடிஷனுக்குப் போகவே வேண்டாம்; ஆபீசுக்குப் பகலில், துணையோடு வாருங்கள். துணைக்கு வந்தவரைப் பார்த்து முகம் சுளிக்கிற ஆபீஸ் உங்களுக்கு வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வீடியோவை அனுப்பும்போது ஃபைலுக்கு உங்கள் பெயர், வயது, ஊர், போன் நம்பரை வைத்து அனுப்புங்கள். நன்றாக நடித்திருந்தும் யார் என்று தெரியாத பல பேர், "நியூ வீடியோ" என்ற பெயரில் எங்கள் ஹார்ட் டிஸ்கில் கிடக்கிறார்கள்.