நான்கு சட்டித் தயிர்

ஐரோப்பாவில் குடியேறிய பத்திரிகை நண்பர் ஒருவர் சில ஆண்டுகளாகப் பியர்ச் சுவைஞராகி விட்டார். பெரிய கம்பனிகளின் பியர் அன்று. ஊருக்கு ஊர் சிறு சாலைகளில் கைப்பக்குவமாகக் காய்ச்சப்படும் பியர். ஒவ்வொன்றிலும் இரண்டு மிடறு அருந்தி, நிறம் என்ன, நுரை எவ்வளவு நேரம் நின்றது, நாவில் முதலில் பட்டது கசப்பா புளிப்பா, விழுங்கிய பின் எஞ்சியது எது என்று குறிப்பெழுதி எனக்கும் அனுப்புகிறார். நான் கல்முனையில் பிறந்த முஸ்லிம். பியர் எனக்கு விலக்கப்பட்டது. ஆயினும் அவருடைய குறிப்புகளை விடாமல் வாசிக்கிறேன். ஒரு பொருளை அவசரமின்றி உண்டு, அது எங்கிருந்து வந்தது, யார் செய்தார், ஏன் இந்தச் சுவை என்று விசாரிக்கும் பழக்கம் நமது எழுத்தில் மிகக் குறைவு என்பது என் எண்ணம்.

இலங்கைக்கும் பியர் வரலாறு ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவின் குளிரை நம்பி அங்கே பியர் காய்ச்சத் தொடங்கினார். பின்னாளில் லயன் ஸ்டவுட் என்ற கரும் பியரை, 2007இல் காலமான பிரித்தானிய எழுத்தாளர் மைக்கல் ஜக்சன் (பாடகர் அல்லர்) புகழ்ந்தெழுதியதால் அது உலகறிந்தது. அதைச் சுவைத்து எழுத வேறு ஆட்கள் உள்ளனர்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது நண்பரின் வேறொரு குறிப்பு. பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரையொட்டிய சென் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 'லம்பிக்' என்றொரு புளிப்புப் பியர் காய்ச்சுகிறார்கள். அதற்கு நொதியம் வாங்கிச் சேர்ப்பதில்லை. காய்ச்சிய சாற்றை அகன்ற தொட்டியில் ஊற்றி இரவு முழுவதும் திறந்து வைப்பார்கள். காற்றிலும் கூரையிலும் மரப்பீப்பாயிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் இறங்கி வேலையைத் தொடங்கும். கூரையை மாற்றினால் சுவை மாறிவிடுமோ என்று சிலந்தி வலையைக்கூடக் கலைக்காத பழைய சாலைகள் உண்டாம். பெர்லின் நகரத்துப் புளிப்புப் பியருக்குப் புளிப்பைத் தருவது இலக்ரிக் அமிலப் பற்றீரியா. பாலைத் தயிராக்குவதும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இதை வாசித்தபோது, எங்கள் கரையோரத்தில் ஊருக்கு ஊர் வேறுபடும் புளிப்பு ஒன்று இருக்கிறதே, அதை யாரும் இப்படி ருசி பார்த்து எழுதவில்லையே என்று தோன்றியது. எருமைத் தயிரைத்தான் சொல்கிறேன்.

அம்பாறைக் கரையோரத்தை அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல். மட்டக்களப்பிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலையில் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், பொத்துவில் என்று ஊர்கள் கோத்தாற்போல் வரும். முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி வரும். கிழக்கே கடல், மேற்கே வயல், வயலுக்கும் அப்பால் குளங்களும் காட்டோரமும். மீன் கிழக்கிலிருந்தும் தயிர் மேற்கிலிருந்தும் சந்தைக்கு வரும்.

எங்கள் வீட்டில் விருந்துச் சோறு தயிரில்தான் முடியும். இறைச்சிக் கறியும் பருப்பும் ஓய்ந்த பின், எஞ்சிய ஒரு பிடி சோற்றில் தயிரை இட்டு, வாழைப்பழத்தைப் பிசைந்து, சீனி தூவிக் கையால் குழைத்து உண்போம். நோன்பு மாதத்தில் ஸஹர் நேரத்துச் சோற்றுக்கும் இதுவே. தயிர் உண்டு நோன்பு பிடித்தால் பகலில் தாகம் தெரியாது என்பார் என் மூத்தம்மா. அந்த மாதத்தில் கல்முனையில் தயிருக்குத் தனிக் கிராக்கி.

செய்முறை எளிது போலத் தோன்றும். பாலை வடித்து, பொங்கக் காய்ச்சி, விரல் வைத்தால் சுடாத வெதுவெதுப்புக்கு ஆறவிட்டு, மண்சட்டிகளில் ஊற்றி, முதல் நாள் தயிரில் சிறிது உறையிட்டு, அசையாமல் ஓர் இரவு வைக்க வேண்டும். அவ்வளவே. ஆனால் இதில் ஒவ்வொன்றும் சுவையைத் தீர்மானிக்கிறது. பசுப்பாலில் கொழுப்பு நூற்றுக்கு மூன்றரை, நான்கு வீதம்; எருமைப்பாலில் ஏழு, எட்டு வீதம். ஆகவேதான் எருமைத் தயிரைக் கத்தியால் வெட்டலாம். மண்சட்டி நுண்துளைகள் உடையது. தயிரின் நீரை உறிஞ்சி வெளியே ஆவியாக்கும். அந்த ஆவியாதலே உள்ளே குளிர்ச்சியையும் தரும். உறையோ நேற்றைய தயிரிலிருந்து இன்றைக்கும் இன்றையதிலிருந்து நாளைக்கும் போவது. ஒரு வீட்டில் இருபது ஆண்டுகளாகத் தயிர் தோய்க்கிறார்கள் என்றால், அந்த நுண்ணுயிர்க் குடும்பமும் அத்தனை காலம் அங்கே குடியிருக்கிறது என்று பொருள். பெல்ஜியக் கூரைக்கு நாம் எந்த வகையில் குறைந்தவர்கள்?

சென்ற மழைக்காலம் முடிந்து புல் தழைத்திருந்த நேரத்தில், ஒரே வாரத்தில் நான்கு தயிரை வாங்கி, ஓய்வுபெற்ற ஆசிரியரான என் மச்சானும் நானும் மகளும் அமர்ந்து ருசி பார்த்தோம். விதிகள் எளியவை. முதலில் சட்டியைச் சரித்துப் பார்ப்பது, பின் நிறமும் ஆடையும், பின் மணம், பின் சீனி சேர்க்காமல் ஒரு கரண்டி, கடைசியில் பழமும் சீனியும் சேர்த்து ஒரு கரண்டி.

முதலாவது, இறக்காமம் பக்கத்திலிருந்து வந்த சட்டி. அங்குள்ள பெரிய குளத்தின் ஓரத்தில் மேயும் எருமைகளின் பால். சட்டியைச் சரித்தேன், அசையவில்லை. சுண்ணாம்பு போன்ற வெண்மை. எருமை தான் உண்ணும் புல்லிலுள்ள மஞ்சள் நிறமியை உயிர்ச்சத்து ஏ ஆக மாற்றிவிடுவதால் அதன் பால் வெள்ளையாகவே இருக்கும். தயிரில் மஞ்சள் சாயல் கண்டால் பசுப்பால் கலந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஆடை ஒரு விரற்கடைத் தடிப்பு. புளிப்பு பின்னால்தான் வந்தது, வந்ததும் நின்றது. மச்சான் இதற்கே முதலிடம் கொடுத்தார்.

இரண்டாவது திருக்கோவில் தயிர். இதில் மெல்லிய புகை மணம். விறகடுப்பில் தென்னம் மட்டை எரித்துக் காய்ச்சிய பால் என்பது முதல் கரண்டியிலேயே தெரிந்தது. உறுதி சற்றுக் குறைவு. ஓரத்தில் சிறிது நீர் விட்டிருந்தது. ஆனால் கித்துள் பாணி ஊற்றியபோது அந்தப் புகையும் பாணியின் புகையும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. என் வாக்கு இதற்கே.

மூன்றாவது, பொத்துவிலிலிருந்து உறவினர் ஒருவர் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. வழியில் இரண்டு மணி நேரக் குலுக்கலில் ஆடை உடைந்திருந்தது. எனவே உறுதிக்குப் புள்ளி கொடுப்பது நியாயமில்லை. புளிப்பு மற்ற இரண்டையும்விடக் கூர்மை. தனியே உண்ண எனக்குக் கடினமாக இருந்தது. ஆனால் மீதியை மறுநாள் வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து போட்டுச் சோற்றுக்குத் தொட்டபோது, இந்தத் தயிர் இதற்கென்றே பிறந்தது என்றாள் மகள்.

நான்காவது, பல்பொருள் அங்காடியில் வாங்கிய பிளாஸ்டிக் கிண்ணத் தயிர். குறை சொல்ல ஒன்றுமில்லை. வழுவழுப்பு, ஒரே சீர், மிதமான புளிப்பு. நாளைக்கு வாங்கினாலும் இதே சுவை, அடுத்த வருடமும் இதே சுவை. உண்டு முடித்து ஐந்து நிமிடத்தில் அதன் நினைவு நாவில் இல்லை.

ருசி பார்த்த பின், இரண்டாவது சட்டியைத் தோய்த்தவரைத் தேடிப் போனேன். என் வயதை ஒத்தவர். தகப்பன் காலத்திலிருந்து பட்டி வைத்திருக்கும் தமிழர். அவருடைய தயிரை வாடிக்கையாக எடுத்து விற்பவர் அக்கரைப்பற்று முஸ்லிம். சட்டி வனைபவர் இன்னொருவர். என் குறிப்புகளை வாசித்துக் காட்டினேன். சிரித்தார்.

"காக்கா, நீங்க சட்டிய ருசி பார்க்கிறீங்க. எருமையிலயும் சட்டியிலயும் என்ன இரிக்கு? எல்லாம் புல்லுலதான் இரிக்கு. புல்லு எங்க இரிக்கு எண்டு எழுதுங்க."

"இப்ப எத்தனை எருமை அண்ணன்?"

"வாப்பாமாருக்கு வயல் மிதிச்சுக் குடுத்த காலத்தில நூத்துக்கு மேல. இப்ப இருபத்தேழு."

வயல் மிதிப்பது என்று அவர் சொன்னது இளைய வாசகர்களுக்கு விளங்காது. உழவு இயந்திரம் வருமுன் இங்கே எருமைகளை வயலில் இறக்கிச் சேறு மிதிக்க விடுவார்கள். அறுவடையின் பின் களத்தில் சூடு மிதித்து நெல் பிரிப்பதும் அவையே. தமிழரின் பட்டியும் முஸ்லிம் போடியாரின் வயலும் ஒன்றில்லாமல் ஒன்று நடக்காது. வேளாண்மை நிற்கும் காலத்தில் எருமைகள் மேற்கே காட்டோரத்துக்குப் போகும். அறுவடை முடிந்தால் வெட்டிய வயலில் மேயும். அவற்றின் சாணம் வயலுக்கு உரம்.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இந்தச் சுழற்சியை மாற்றியது. சேனாநாயக்க சமுத்திரத்து நீர் வந்ததால் பெரும்போகத்தோடு சிறுபோகமும் விளைந்தது; நெல் பெருகியது, குடியேற்றங்கள் பெருகின. அதை நன்மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நானும் அந்த நெல்லை உண்டு வளர்ந்தவன்தான். ஆனால் இரண்டு போகம் விளையும் நிலத்தில் எருமைக்கு இடைவெளி இல்லை. உழவு இயந்திரம் வந்ததும் எருமைக்கு வேலையும் இல்லை. வேலையற்ற விலங்கு வயல்காரனின் கண்ணில் பயிரைத் தின்னும் பகையாகியது.

பின்னர் போர். 1990இன் வன்செயல்களுக்குப் பிறகு பல ஆண்டுகள் மேற்கு வயல்களுக்குப் போக முஸ்லிம்கள் அஞ்சினர். தமிழர் கடைத்தெருவுக்கு வர அஞ்சினர். பட்டிகள் சிதறின, மாடுகள் களவு போயின. அந்த நாட்களில் கல்முனைச் சந்தையில் தயிர்ச் சட்டி வந்தால், யாரோ இருவர் இன்னும் ஒருவரையொருவர் நம்புகிறார்கள் என்று அறிந்துகொள்வோம். செய்தியாளனாக எனக்குக் கிடைத்த அறிக்கைகள் பலவற்றைவிட அது நம்பகமான தகவல்.

போர் முடிந்து ஒன்றரைத் தசாப்தம் கடந்தும் மேய்ச்சல் நிலத்தின் வழக்கு முடியவில்லை. எங்கள் மாவட்டத்தின் வட்டமடுவில் மேய்ச்சல் தரை என்று தமிழ்க் கால்நடை வளர்ப்போரும், பயிர் செய்த காணி என்று பெரும்பாலும் முஸ்லிம்களான விவசாயிகளும் பல்லாண்டுகளாக முரண்பட்டு நிற்கிறார்கள். காடு என்கிறது வன இலாகா. மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையில் அத்துமீறிய பயிர்ச்செய்கையை எதிர்த்து 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் தொடர் போராட்டத்தில் இறங்கினார்கள். மயிலத்தமடுவைப் பற்றி எழுதுவது எனக்கு இலகு. வட்டமடுவைப் பற்றி எழுதுவதுதான் கடினம். அங்கே ஒரு பக்கம் என் சொந்தக்காரர்கள். காணிக்கு உறுதி வைத்திருக்கும் ஏழை விவசாயியின் கண்ணீரும் பொய்யில்லை. ஆனால் நோன்பு மாதத்தில் தயிர் கிடைக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டே, எருமை மேயும் நிலம் எதற்கு என்று கேட்பது நியாயமாகாது. இதை எங்கள் ஊரில் சொல்ல வேண்டியவர்கள் நாமே.

2021, 2022ஆம் ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். டொலர் இல்லை, வெளிநாட்டுப் பால்மா இல்லை, ஒரு பக்கற்றுக்காகத் தாய்மார் வரிசையில் நின்றார்கள். நூறு எருமைப் பட்டிகள் இருந்த மாவட்டத்தில்தான் அந்த வரிசையும் நின்றது. நாட்டெருமை நாளொன்றுக்கு ஓரிரு லீற்றருக்கு மேல் தராது. அது மட்டும் நாட்டின் பால் தேவையைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. எல்லை குறித்த மேய்ச்சல் தரை, கோடையில் தண்ணீர், பால் சேகரிக்கும் நிலையம், பசும்புல் வளர்க்கச் சிறு கடன் ஆகியவை கிடைத்தால் இருபத்தேழு எருமை முப்பதாகும். கிடைக்காவிட்டால் பத்தாகும். திருக்கோவில்காரரின் மூத்த மகன் கட்டாரில். இளையவன் முச்சக்கரவண்டி ஓட்டுகிறான்.

இந்தப் பாதையில் பயணம் செய்யும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தயிர்க் கடையில் இறங்கினால் விலையோடு நிறுத்தாதீர்கள். எந்த ஊர்ப் பால், எருமையா கலப்பா, எங்கே மேய்கிறது என்று கேளுங்கள். சட்டியைச் சரித்துப் பாருங்கள். வெண்மையைப் பாருங்கள். நன்றாயிருந்தால் தோய்த்தவரின் பேரைக் கேட்டு வைத்து, அடுத்த முறை அதே பேரைச் சொல்லி வாங்குங்கள். கேட்பவர் இருக்கிறார் என்று தெரிந்தால் கலப்படம் செய்ய வியாபாரி தயங்குவார். பட்டிக்காரருக்கும் இன்னும் ஒரு போகம் பொறுத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் வரும்.