விற்பனைக்கு ஒரு பழைய வண்டி

“வாங்கும்போது பிறரை எடை போடுகிறோம், விற்கும்போது நாமே தராசில் ஏறுகிறோம்” என்று என் தந்தையார் கூறுவதுண்டு. சந்தைக்கு மாடு ஓட்டிச் சென்று பழகியவர் அவர். சிறுவயதில் விளங்காத அச்சொல், நரை தோன்றிய பிறகே எனக்கு விளங்கிற்று. அதுவும் நம்மூர்ச் சந்தையிலன்று. இங்கிலாந்து நாட்டில், ஒரு பழைய மோட்டார் வண்டியின் அருகே!

என் துணைவியார் ஆக்ஸ்போர்டு நகரில் செவிலியராகப் பணியேற்றதனால், அதற்கு அண்மையிலுள்ள ஆபிங்டன் என்னும் ஊரில் நாங்கள் குடியேறினோம். தேம்ஸ் ஆற்றங்கரையில் அமைந்த அமைதியான ஊர். ஆயினும் மோட்டார் வண்டிகளில் நாட்டமுள்ளோர் உலகெங்கும் அதன் பெயரை அறிவர். 1929 முதல் 1980 வரை எம்.ஜி. வண்டிகள் அவ்வூரில்தான் உருவாயின. எம்.ஜி. என்றவுடன் நம்மவர் எண்ணம் வேறு பக்கம் ஓடும்! இது ‘மாரிஸ் கராஜஸ்’ என்னும் ஆக்ஸ்போர்டு நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம். எண்கோணச் சின்னத்துக்குள் பொறித்த அவ்விரு எழுத்துகளை அவ்வூர் முதியோர் இன்றும் பெருமையோடு சுட்டிக்காட்டுவர்.

எங்கள் அண்டை வீட்டுப் பெரியவர் அந்த ஆலையில் பதினாறு ஆண்டுகள் உழைத்தவர். வண்டிகளைத் தானே நகர்த்திச் செல்லும் இயந்திர வரிசை அங்கே இருந்ததில்லை; ஒரு வேலை முடிந்ததும் தொழிலாளரே வண்டியைக் கையால் தள்ளி அடுத்தவரிடம் சேர்ப்பராம். “நான் தள்ளிவிட்டதை அடுத்தவன் நம்பி வாங்கிக்கொண்டான்” என்று அவர் நகைத்தபடி சொல்வார். 1980 அக்டோபரில் ஆலை மூடப்பட்டது. மறு ஆண்டு, தம் சேமிப்பிலிருந்து, பிறர் ஓட்டிப் பழகிய எம்.ஜி.பி. வண்டி ஒன்றை வாங்கினார். 1967-இல் செய்யப்பட்டது. கரும்பச்சை நிறம்; கருந்தோல் இருக்கைகள் இரண்டு; ஆரக்கம்பிச் சக்கரங்கள்; வேண்டும்போது மடக்கிவிடக்கூடிய துணிக்கூரை. வெயில் அரிதான அந்நாட்டில், சூரியன் முகங்காட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூரையை மடக்கிவிட்டு, தலையில் துணி கட்டிய மனைவியாரை அருகில் அமர்த்திக்கொண்டு அவர் புறப்படும் காட்சியை நாங்கள் பலகணி வழியே கண்டு மகிழ்வோம்.

1962 முதல் 1980 வரை இவ்வகை வண்டிகள், கூரை மடக்குவனவும் நிலைத்த கூரையுடையனவுமாக, ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. 1,798 கன சென்டிமீட்டர் அளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின்; இரண்டு கார்புரேட்டர்கள்; ஏறத்தாழ 95 குதிரைத் திறன். இன்றைய கணக்கில் இது வியப்பன்று. ஆனால் தரையை ஒட்டி அமர்ந்து காற்றை முகத்தில் வாங்கிச் செல்வோருக்கு அதுவே பறப்பது போலிருக்கும்.

இரண்டாண்டுகளுக்கு முன் அப்பெரியவர் காலமானார். சென்ற ஆண்டு வசந்தத்தில் அவர்தம் துணைவியார் என்னை அழைத்தார். வீட்டுக் கூரையின் ஓடுகள் சிதைந்து, மாடியில் மூன்று இடங்களில் மழைநீர் ஒழுகியது. புதுப்பிக்க 12,000 பவுண்டு வேண்டும் என்றனர் வேலையாட்கள். “வண்டியை விற்றுவிடலாம். விளம்பரம் எழுதித் தாருங்கள்” என்றார். நான் மகிழ்ந்து ஒப்புக்கொண்டேன். குறையற்ற நிலையில் அத்தகைய வண்டி 14,000 பவுண்டுவரை போகும் என்று விசாரித்து அறிந்தேன்.

இங்கே ஒரு செய்தியை விளக்கவேண்டும். கூரையுள்ள வண்டிக்கு அக்கூரையே ஒரு வலிமை. கூரையற்ற வண்டிக்கு அவ்வலிமை எங்கிருந்து வரும்? எம்.ஜி.பி.க்கு அடியில் தனிச் சட்டகம் கிடையாது. உடற்கூடே அனைத்தையும் தாங்குகிறது. கதவுகளுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் நோக்கி ஓடும் பெட்டி வடிவான இரு எஃகு விட்டங்கள் அச்சுமையில் பெரும்பங்கை ஏற்கின்றன. ஆங்கிலேயர் அவற்றைச் ‘சில்’ என்பர். குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு, சேற்றோடு கலந்து அவ்விட்டங்களுக்குள் புகுந்து தங்கிவிடும். துரு உள்ளிருந்து அரிக்கும். வெளியே வண்ணம் பளபளக்கும். அரித்த இடத்தில் பட்டி வைத்துத் தேய்த்து வண்ணம் பூசிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை நகர்த்திப் பார்த்தால் தெரியும். எஃகில் ஒட்டும், பட்டியில் ஒட்டாது.

வண்டியின் கையுறைப் பெட்டிக்குள் பெரியவரின் குறிப்பேடு ஒன்று இருந்தது. எண்ணெய் மாற்றிய நாள், பிரேக் சரிசெய்த நாள், வாங்கிய உதிரிப் பாகம் என நாற்பது ஆண்டுகளின் கணக்கு. கடைசிப் பக்கத்தில், நடுங்கும் எழுத்தில் இவ்வாறு கண்டேன்: “இடப்பக்கச் சில். வெறும் பட்டி. வெட்டியெடுத்துப் புதிது வைக்கவேண்டும். என்னால் இனி இயலாது.”

காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.

குறிப்பேட்டை என் வீட்டுக்கு எடுத்துச் சென்று மேசையறைக்குள் வைத்துவிட்டேன். பொய் சொல்லவேண்டும் என்று எண்ணவில்லை. சொல்லாமல் விட்டாலென்ன என்றுதான் எண்ணினேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட, பெருமாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை என்று அந்நாட்டில் 2018-இல் விதி செய்துவிட்டனர். எவரும் வந்து தட்டிப் பார்க்கப் போவதில்லை. கேட்டால் சொல்லலாம், கேளாவிட்டால்? கைம்பெண் ஒருவருக்கு உதவுகிறேன் என்று என் மனச்சான்றுக்குத் தாலாட்டுப் பாடினேன். விளம்பரத்தில் “உடற்கூடு நன்னிலையில் உள்ளது” என்று எழுதினேன்.

அம்மையார் கண்ணாடியை அணிந்து அதனை இருமுறை படித்தார்.

“அவருடைய குறிப்பேடு எங்கே?” என்றார்.

“என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வாங்க வருபவருக்கு அது தேவைப்படாது என்று நினைத்தேன்.”

“கடைசிப் பக்கத்தை அவர் எழுதியபோது நான்தான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.”

எனக்கு முகம் வெளுத்தது. “வீட்டுக் கூரை ஒழுகுகிறதே, அம்மா” என்றேன்.

“ஒழுகட்டும். இந்த வண்டியில் யார் ஏறப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து இருக்கையில் ஒரு குழந்தைகூட இருக்கலாம்.”

அவர் சினந்து பேசவில்லை. ஒரு பேனாவை எடுத்து, நான் எழுதிய வரியை அடித்துவிட்டு, “இடப்பக்கச் சில் துருவேறிப் பட்டியால் மூடப்பட்டுள்ளது, மாற்றாமல் ஓட்டக்கூடாது” என்று தம் கையாலேயே எழுதினார்.

முதலில் வந்தவர் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, நன்றி கூறிப் போய்விட்டார். இரண்டாமவர் 4,000 பவுண்டு தருவதாகச் சொன்னார். மூன்று வாரங்கள் எவரும் வரவில்லை. மாடியில் வாளிகள் நிறைந்துகொண்டிருந்தன. நான் வெளியே பரிவோடும், உள்ளுக்குள் “சொன்னேனே” என்ற எண்ணத்தோடும் இருந்தேன்.

பிறகு ஒருவர் தம் மகளோடு வந்தார். அப்பெண் வெல்டிங் தொழில் பயில்பவள். வண்டியின் இடப்பக்கத்தை ஜாக்கி வைத்து உயர்த்தினாள், கதவைத் திறந்து மூடப் பார்த்தாள், மூடவில்லை. விட்டம் வலுவிழந்ததால் உடற்கூடு வளைந்து கதவின் இடைவெளி சுருங்கியிருந்தது. தந்தையும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். புதிய சில் தகடுகள் இன்றும் கிடைக்கின்றன. 1988 முதல் முழு உடற்கூட்டையே பழைய அச்சுகளைக்கொண்டு புதிதாகச் செய்து விற்கின்றனர். ஆகவே குறையைத் தீர்க்க வழியுண்டு. உழைப்பும் செலவும்தான் மிகுதி. நெடுநேரம் பேரம் பேசி 7,500 பவுண்டுக்கு முடித்தனர். வண்டியை ஓட்டிச் செல்லவில்லை. இழுவண்டியில் ஏற்றிக் கட்டினர்.

குறிப்பேட்டை அம்மையார் அப்பெண்ணிடம் கொடுத்தார். அவள் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, “அடுத்த வரியை நான் எழுதலாமா?” என்று கேட்டாள். அம்மையார் தலையசைத்தார். வண்டி தெருமுனை திரும்பும்வரை அவர் வாயிலிலேயே நின்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. காரணம் அந்த வண்டியன்று, என்னுடைய வண்டி. நான்காண்டுகளுக்கு முன் எங்கள் சிறிய காரை ஒரு மாணவனுக்கு விற்றிருந்தேன். எஞ்சின் சூடேறியபின் இரண்டாவது கியர் தானே நழுவும். அதை அறிந்தே, குளிர்ந்த காலைப் பொழுதில் அவனை வரச்சொன்னேன். “ஏதேனும் குறை உண்டா, ஐயா?” என்று அவன் கேட்டான். “இல்லை” என்றேன். அவன் நம்பிக் கைகுலுக்கினான். தராசில் நான் ஏறிய நாள் உண்மையில் அதுதான்.

பற்றுச்சீட்டில் இருந்த முகவரிக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி, 300 பவுண்டுக்குக் காசோலையும் வைத்து அனுப்பினேன். “இம்முகவரியில் இல்லை” என்ற குறிப்போடு உறை திரும்பி வந்தது. உண்மையைச் சொல்வதற்கும் ஒரு காலம் உண்டு. அதைத் தவறவிட்டால், பின்னர் சொல்ல விரும்பினாலும் கேட்க ஆள் இருப்பதில்லை.

அம்மையாரின் வீட்டுக்கூரையில் தெற்குப் பாதி மட்டும் இப்போது புதிய ஓடுகளோடு நிற்கிறது. வடக்குப் பாதிக்கு இன்னும் பணம் சேரவில்லை. மழை வரும் இரவுகளில் நான் சென்று வாளியை மாற்றி வைத்துவிட்டு வருகிறேன். திரும்பி வந்த அந்த உறை, குறிப்பேட்டை நான் ஒளித்து வைத்திருந்த அதே மேசையறையில் கிடக்கிறது.