ஐந்தாம் நாள்

"மூணாம் நாள் போன்ல நாலு கருவும் நல்லா இருக்குன்னாங்க சார். அஞ்சாம் நாள் போனா வைக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லைங்கிறாங்க. கொன்னுட்டாங்க சார்."

வழக்குப் போட என்னிடம் வந்த கணவர் சொன்னது இது. அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்பு போடும் குடும்பம். மதுரையில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் சிகிச்சை. மூன்றாம் நாளே கர்ப்பப்பையில் வைப்பதாகத்தான் பேச்சு. ஆய்வகத்தில் ஐந்தாம் நாள் வரை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள்.

கருவியல் படித்த நண்பர் ஒருவரிடம் சிகிச்சைக் கோப்பைக் கொடுத்தேன். முதல் சில நாள் கரு பெரும்பாலும் முட்டையில் உள்ள இருப்பை வைத்தே ஓடுகிறது. மூன்றாம் நாள் வாக்கில்தான் அதன் சொந்த மரபணுக்கள் முழுவீச்சில் வேலைக்கு வரும். நிறையக் கருக்கள் நின்றுபோவது அதற்குப் பிறகுதான். அதைத் தாண்டி, பிளாஸ்டோசிஸ்ட் எனும் ஐந்தாம் நாள் நிலையை எட்டியவற்றுக்கு ஒட்டும் வாய்ப்பு கூடுதல். ஒன்றை மட்டும் வைத்து இரட்டைப் பேற்றின் ஆபத்தையும் குறைக்கலாம். ஆனால் கையில் நாலே கரு என்றால், ஒன்றும் மிஞ்சாமல் போகவும் கூடும். ஆய்வகத்தின் மீது தப்பில்லை என்றார். மனுவில் அலட்சியத்தைப் பின்னுக்குத் தள்ளினேன். கணவருக்கு என் மேல் வருத்தம்தான்.

வழக்கு இருந்தது ஒப்புதல் படிவத்தில். முழுக்க ஆங்கிலம், கீழே தமிழில் இரண்டு கையெழுத்து. எத்தனை நாள் வளர்ப்பது என்ற இடம் காலி! ஐந்தாம் நாள் முடிவை யாரிடம் கேட்டார்கள் என்று எழுத்தில் கேள்வி அனுப்பினோம். "மருத்துவ முடிவு" என்று பதில் வந்தது.

2021-இன் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் அப்போது இல்லை. 2008-இல் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டோம். பரிசோதனைக்கு ஒப்புக்கொண்ட பெண் மயக்கத்தில் இருக்கும்போதே கர்ப்பப்பையை அகற்றிவிட்டார் மருத்துவர்; ஒன்றுக்குத் தந்த ஒப்புதல் இன்னொன்றுக்கு ஆகாது என்றது நீதிமன்றம். நல்ல நோக்கம் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

மாவட்ட நுகர்வோர் ஆணையம் அலட்சியம் இல்லை என்றது. ஒப்புதல் பெறாதது சேவைக் குறைபாடு என்று கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தர உத்தரவிட்டது. யாரும் மேல்முறையீடு போகவில்லை.

இப்போதைய சட்டத்தின் 22-ஆம் பிரிவு எழுத்துப்பூர்வ ஒப்புதலைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கருக்கள் மூன்றோ நாலோதான் என்றால், "ஐந்தாம் நாள் ஒன்றும் மிஞ்சாவிட்டால்?" என்ற கேள்விக்குத் தமிழில் எழுதிய பதிலை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.