கோரையும் நெல்லும்

நடவு முடிந்து இருபது நாள் ஆன வயலைத் தஞ்சை நாட்டில் வரப்பின்மேல் நின்று காண்பார்க்கு எல்லாம் ஒரே பசுமையாகத் தோன்றும். களையெடுக்க இறங்கும் மகளிர்க்கோ அப்பசுமை இரண்டாகப் பிரிந்து தெரியும். ஒன்று நெல், மற்றொன்று கோரை. கை தவறி நெல்லைப் பறித்தால் விளைவு குறையும். கோரையை விட்டுவைத்தால் நெல்லுக்கு இட்ட எருவை அது உண்டுவிடும்.

இவ்விரண்டையும் பிரித்தறியக் கண்ணைவிட விரலே சிறந்த கருவி. கோரையின் தண்டை இரு விரல்களுக்கிடையே வைத்து உருட்டினால் அது எளிதில் உருளாது. மூன்று விளிம்புகள் விரலில் தட்டும். நெல்லின் தண்டு உருண்டையானது. வளர்ந்தபின் அதில் கணுக்கள் தோன்றும். கணுக்களின் இடையே உள்ளீடு இராது. கோரைத் தண்டோ அடியிலிருந்து பூங்கொத்து வரை கணுவின்றி, உள்ளே வெண்ணிறச் சோறு நிரம்பி நிற்கும். நெல்லின் இலைகள் இரு வரிசையாக அமையும். கோரையின் இலைகள் மூன்று வரிசையாக அமையும். கோரையினத்துள்ளும் சிலவற்றின் தண்டு உருண்டிருப்பதுண்டு; அங்கே கணுவின்மையே துணை. ஆகவே கோரையைப் புல் என்பது உலக வழக்கேயன்றி உண்மையன்று. பண்டை எகிப்தியர் எழுதுதாள் செய்த பாப்பிரசு என்னும் நெடுஞ்செடியும் கோரையினமே.

கோரை முழுதும் பகை என்று கொள்ளுதல் தகாது. மேட்டு நிலத்தில் முளைக்கும் சிறுகோரை, மேலே பறித்தாலும் மண்ணுள் கிடக்கும் கிழங்கிலிருந்து மீண்டும் தழைத்து உழவரை வருத்தும். அக்கிழங்கையே முத்தக்காசு என்று மருத்துவர் போற்றுவர்! நீர்க்கரைகளில் ஆளுயரம் ஓங்கும் பெருங்கோரையோ பாய் முடைவோரின் செல்வம். பசுந்தண்டைக் கிழித்து, வெயிலில் உலர்த்தி, தறியிலிட்டு அவர்கள் பாய் நெய்வர். நீடாமங்கலத்தருகே வெண்ணாற்றிலிருந்து பிரியும் ஆறு ஒன்றுக்குக் கோரையாறு என்றே பெயர்.

இச்செடி கடல் கடந்த வரலாறு சுவையானது. தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்த காலத்தில், 1768-இல் கேனிக் என்னும் மருத்துவர் அங்கு வந்தார். அவர் செடிநூல் அறிஞர் லின்னேயசின் மாணவர். தாம் திரட்டிய செடிகளை உலர்த்தி அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். கோபன்கேகனில் இருந்த ராட்பால் என்னும் பேராசிரியர் அத்தகைய செடிகளை ஆராய்ந்து 1773-இல் நூலொன்று வெளியிட்டார். பாய்க்கோரை ஒன்றுக்கு அவர் அந்நூலில் இட்ட பெயர் ‘சைபெரசு பங்கோரி’ என்பது. அதன் ஈற்றில் ஒலிப்பது தமிழ்க் கோரையே. செடிநூலார் இன்றும் அதனை அப்பெயராலேயே குறிக்கின்றனர்.