வருஷம் முழுக்கக் காய்க்கும் ஊர்... கம்பத்துக்கு நான்கு பருவப் பயணம்!

உளுந்தூர்பேட்டையில் தள்ளுவண்டிக்காரரிடம் கறுப்பு திராட்சையைக் காட்டி, "எந்த ஊர்ப் பழம்ணே?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "கம்பம்." தை மாதம் கேட்டாலும் அதுதான், ஆடியில் கேட்டாலும் அதுதான். மாம்பழத்துக்கு ஒரு சீசன், பலாவுக்கு ஒரு சீசன், நம்ம பண்ருட்டி முந்திரிக்கு ஒரு சீசன். இந்தப் பழத்துக்கு மட்டும் எப்படி வருஷம் முழுக்க சீசன்?

இந்தக் கேள்விக்காகவே, ஒரு வருஷத்தில் நான்கு முறை கம்பத்துக்குப் போய்வந்தேன். உளுந்தூர்பேட்டையிலிருந்து திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி வழியாக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து கம்பம் போகும் பஸ்கள் நம் ஊர் வழியாகத்தான் போகின்றன. ராத்திரி ஏறினால் விடியும்போது சின்னமனூர் தாண்டி, ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் மலை. ரயில் பிரியர்களுக்கு சென்னை - போடி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ஆனால் அது சேலம் வழியாகச் சுற்றிப் போவதால் நமக்கு உபயோகமில்லை.

ஸ்பெயினில் மலாகா பக்கம் கொம்பெட்டா என்று ஒரு சின்ன ஊர். மலைச்சரிவில் வெள்ளை வீடுகள், சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். அங்கே குளிர்காலத்தில் கொடிகள் இலையெல்லாம் கொட்டிவிட்டுத் தூங்கும். வசந்தத்தில் துளிர்த்து, கோடையில் பழுக்கும். ஆகஸ்ட் 15 அன்று ஊரே கூடி 'ஒயின் இரவு' கொண்டாடும். அந்தப் பகுதியின் முக்கியமான ரகம் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. பழத்தை வெயிலில் பரப்பி உலர்த்துவார்கள், இனிப்பு ஒயினும் செய்வார்கள். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், நம்ம கம்பம் பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அதன் பெற்றோரில் ஒன்று சாட்சாத் இந்த மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியாதான். மலாகா வெயிலில் காயும் திராட்சைக்கும் நம் ஜூஸ் கடை மிக்ஸிக்குள் சுற்றும் திராட்சைக்கும் ரத்த சொந்தம்!

ஆனால், சொந்தக்காரர்கள் வாழ்க்கை ஒரே மாதிரி இருக்காதே. ஸ்பெயினில் பருவத்தை முடிவு செய்வது வானம். கம்பத்தில் அதை முடிவு செய்வது கத்தரிக்கோல்.

கவாத்து வைத்த நாள்தான் கணக்கு

நம் வெயிலில் திராட்சைக்கொடி தூங்காது. விட்டால் இலையும் கொடியுமாக ஓடிக்கொண்டே இருக்கும், காய்க்காது. அதனால் மனுஷன்தான் அதற்கு ஒரு 'குளிர்காலத்தை' உண்டாக்க வேண்டும். அதற்குப் பெயர் கவாத்து. கல்தூண்கள் நட்டு, மேலே கம்பி வலை இழுத்த பந்தலில் படர்ந்திருக்கும் கொடியை, எத்தனை மொட்டு விட வேண்டும் என்று கணக்குப் பார்த்து வெட்டுவார்கள். அந்த நாளிலிருந்து சுமார் 120 நாளில் பழம். அறுவடை முடிந்ததும் கொடிக்குக் கொஞ்சம் ஓய்வு, மறுபடி கவாத்து. வருஷத்துக்கு இரண்டு அறுவடை என்பது சாதாரணம். சில தோட்டங்களில் மூன்றுகூட எடுக்கிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் ஒரே நாளில் கவாத்து வைப்பதில்லை. சுருளிப்பட்டி பக்கம் ஒரே பாதையில் நடந்தால், இடது பக்கத் தோட்டத்தில் மொட்டைக் கொடி, அடுத்ததில் இளந்துளிர், அதற்கடுத்ததில் பட்டாணி அளவு பச்சைக் காய், எதிர்ப்பக்கம் கறுத்துத் தொங்கும் கொத்து. ஸ்பெயினில் ஒரு வருஷம் காத்திருந்து பார்க்க வேண்டிய நான்கு பருவத்தையும் இங்கே பத்து நிமிஷ நடையில் பார்த்துவிடலாம். அப்புறம் எதற்கு நான்கு முறை போனாய் என்று கேட்கலாம். கொடிக்குத்தான் பருவம் இல்லை, ஊருக்கு இருக்கிறது.

ஏப்ரல் மாதம் போனால் வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனால் பழம் அவ்வளவு இனிப்பு! மழையில்லாத நாள்களில் பழுத்த பழத்தில் சர்க்கரை நன்றாக ஏறும். பந்தலுக்குள் நுழைந்தால் வெளியே அடித்த வெயில் சட்டென்று காணாமல் போகிறது. குனிந்துதான் நடக்க வேண்டும். பெண்கள் கொத்தைக் காம்போடு வெட்டி, சொத்தைக் காய்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, பழத்தின் மேலிருக்கும் வெள்ளை மாவு கலையாமல் அடுக்குகிறார்கள். அந்த மாவைப் பார்த்து மருந்து என்று பயப்பட வேண்டாம். திராட்சைத் தோலில் இயற்கையாகவே படியும் மெழுகு அது. கழுவிவிட்டுச் சாப்பிடுவது எப்போதும் நல்லது, அது வேறு விஷயம்.

ஜூனில் ஊரின் முகமே மாறிவிடும். அணையில் தண்ணீர் இருக்கும் வருஷங்களில், முல்லைப் பெரியாறு தண்ணீரை ஜூன் 1 வாக்கில் முதல் போகத்துக்குத் திறப்பது வழக்கம். 14,707 ஏக்கர் இருபோக வயல் இந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது. 1895-ல் திறக்கப்பட்ட அணை, மலையைக் குடைந்து தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பியது. அதைக் கட்டிய பென்னிகுவிக்கின் படத்தை இங்கே கடைகளிலும் ஆட்டோக்களிலும் சாமி படத்துக்குப் பக்கத்தில் பார்க்கலாம். லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. ஜனவரி 15 அவர் பிறந்த நாள், பொங்கலை ஒட்டி வருகிறது. அன்று அவருக்காகவே பொங்கல் வைக்கிறார்கள். திராட்சைக்கு நேரடியாக வாய்க்கால் பாய்வதில்லை, பெரும்பாலும் கிணறும் சொட்டுநீரும்தான். ஆனால் வயல் நனைந்தால்தானே கிணறு ஊறும்!

மழை வந்தால் பயம்

மூன்றாவது பயணம் ஐப்பசியில். சுற்றுலாப் பயணிக்கு இதுதான் கண்கொள்ளாக் காட்சி. மலையில் மேகம் இறங்கி நிற்கிறது, சுருளி அருவியில் தண்ணீர் கொட்டுகிறது (வெள்ளம் அதிகமானால் குளிக்க விடமாட்டார்கள், விசாரித்துவிட்டுப் போங்கள்). தோட்டக்காரர்களுக்கோ இது தூக்கம் கெடும் மாதம். பன்னீர் திராட்சைக்குத் தோல் மெல்லிசு. பழுக்கிற நேரத்தில் மழை பெய்தால் பழம் தண்ணீரை இழுத்து வெடித்துவிடும். வெடித்த பழம் ஒரே நாளில் புளித்து, பக்கத்துப் பழத்தையும் கெடுக்கும். நூறு நாள் உழைப்பு, ஒரு ராத்திரி மழையில் போகும். இலையின் அடியில் வெள்ளையாகப் படரும் அடிச்சாம்பல் நோய்க்கும் இந்த ஈரம்தான் கொண்டாட்டம். அதற்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிறார்கள். அதன் பெயர் போர்டோ கலவை. பிரான்ஸின் புகழ்பெற்ற ஒயின் ஊரான போர்டோ பக்கம், சாலையோரக் கொடிகளில் திருடர்களைப் பயமுறுத்தப் பூசிய நீலக் கலவை நோயையும் விரட்டுவதை 1880-களில் ஒரு பேராசிரியர் கவனித்தார். இப்படித்தான் அது பிறந்தது. திருட்டுக்கு வைத்த மருந்து!

மழைக்கு முன்னால் வெட்டிவிடலாம் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் நினைத்தால் விலை சரியும். காத்திருந்தால் பழம் போகும். குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் வைக்கிற பழமும் இல்லை இது. வியாபாரி வந்து ஒரு கொத்தைக் கையில் தூக்கிப் பார்த்துச் சொல்வதுதான் விலை.

அப்படியென்றால் ஒயினாக்கலாமே? எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் கொம்பெட்டா மாதிரி இங்கே வீட்டுக்கு வீடு ஒயின் விற்பதில்லை. பழம் பழமாகவே லாரி ஏறுகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு 'நல்ல ஒயின்' என்று எழுத எனக்கும் கை கொஞ்சம் தயங்குகிறது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்த ஊர்க்காரர்கள் நாம். அந்தப் பேச்சு நமக்கு அவ்வளவு லேசாக வராது. ஜூஸ், ஜாம், உலர் திராட்சை என்று வழிகள் இருக்கின்றன. ராயப்பன்பட்டி பக்கம் ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்தக் கொடியை 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். ஆனால் பெரிய கடைகளில், விதையில்லாத திராட்சைக்குப் பக்கத்தில் இது ஓரமாகத்தான் நிற்கிறது. குழந்தைகளுக்கு விதை பிடிப்பதில்லை. என்னைக் கேட்டால், அந்த ரோஜாப்பூ வாசனைக்காக நாலு விதையைத் துப்பினால் ஒன்றும் குறைந்துவிடாது.

மார்கழியில் போனால் பனியும் ஐயப்ப பக்தர்களும். குமுளி வழியாக சபரிமலை போகிற வண்டிகளால் சாலை நிரம்பி வழியும், தங்க அறை கிடைப்பது கஷ்டம். தேக்கடி வருகிற கேரளக் குடும்பங்கள் மலையிறங்கி வந்து தோட்டங்களில் போட்டோ எடுக்கிறார்கள். வாசலிலேயே ஜூஸ் கடை போட்ட தோட்டங்களும் உண்டு. பார்க்க விடுகிறார்கள் என்பதற்காகக் கொத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்காதீர்கள், மாவு கலைந்த கொத்துக்கு மதிப்பு குறையும். 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை மலையிறங்கி கம்பம் நகரத் தெருக்களில் ஓடியதை இன்னமும் டீக்கடையில் போனில் போட்டுக் காட்டுகிறார்கள்.

போகிறவர்களுக்கு ஒரு விஷயம். பழம் வாங்குவதாக இருந்தால், ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில் வாங்குங்கள். கொத்தின் காம்பு பச்சையாக இருக்க வேண்டும், பழுப்பேறியிருந்தால் வெட்டி நாளாகிவிட்டது. பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டாமல், அட்டைப் பெட்டியில் பேப்பர் விரித்து ஒரே அடுக்காக வையுங்கள். பஸ் என்றால் பெட்டியை மடியில் வைத்துக்கொள்வது நல்லது. மேலே வைத்தால் திண்டுக்கல் தாண்டுவதற்குள் கீழே உட்கார்ந்திருப்பவர் சட்டையில் ஜூஸ் சொட்டும்.