ஒரு ஆளுக்கு இடம்

ஊருக்குத் திரும்பினதுல இருந்து போன்ல பேசுற சென்னை, பெங்களூர் நண்பர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "வான்கோ மியூசியத்துக்கு டிக்கெட்டே கிடைக்காதாமே, நீங்க எப்படி உள்ள போனீங்க?" என்பதுதான். பேத்தி எப்படி இருக்கான்னு அதுக்கு அப்புறம்தான் கேட்கிறாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்குப் பதிலா இங்கேயே எழுதிடுறேன். போற யாருக்காவது உதவும்.

மகளும் மருமகனும் நெதர்லாந்துல ஐந்தோவன் நகரத்துல வேலை பார்க்கிறாங்க. அவ பிரசவத்துக்காக நானும் வீட்டுக்காரம்மாவும் மூணு மாச விசாவுல போனோம். மேல்மலையில இருக்கிற எங்க கிழங்கு, பூண்டுத் தோட்டத்தைத் தம்பிகிட்ட ஒப்படைச்சிட்டுத்தான் கிளம்பினது. பிள்ளை பெத்த வீட்டுல ஊர் சுத்துறதுக்கு ஏது நேரம்? குளிப்பாட்டுறது, பத்தியச் சமையல், ராத்திரி முழிப்பு, இப்படியே ரெண்டு மாசம் ஓடிப்போச்சு.

ஐந்தோவனுக்குப் பக்கத்துலயே, சைக்கிள்ல போயிட்டு வர்ற தூரத்துல நூனன்னு ஒரு சின்ன ஊர். வான்கோவோட அப்பா அங்க பாதிரியாரா இருந்தவர். 1883 கடைசியில இருந்து 1885 கடைசி வரைக்கும் வான்கோ அந்த ஊர்லதான் இருந்தார். 'உருளைக்கிழங்கு சாப்பிடுபவர்கள்' படம் 1885-ல அங்கேதான் உருவாச்சு. அந்தப் படத்தையே இப்ப வெண்கலச் சிலையாவும் செஞ்சு வெச்சிருக்காங்க. மேசையைச் சுத்தி குடியானவங்க உட்கார்ந்திருக்காங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை மருமகன் எங்களை அங்க கூட்டிட்டுப் போனார். ஊரைச் சுத்திக் கிழங்கு அறுவடை நேரம். டிராக்டருக்குப் பின்னால ஒரு மிஷின், வரிசை வரிசையா மண்ணோட கிழங்கை அள்ளிச் சலிச்சுப் போட்டுக்கிட்டே போகுது. நான் அதையே பார்த்துக்கிட்டு நின்னேன். வீட்டுக்காரம்மா சிலைகிட்ட போய், அதுல ஒருத்தரோட கையைத் தொட்டுப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

"இது நம்ம கைங்க" என்றது. "கிழங்கு தோண்டுனாத்தான் விரல் இப்படி முட்டிக்கு முட்டி வீங்கும். நெசப் படம் எங்க இருக்கு?"

ஆம்ஸ்டர்டாம்ல இருக்குன்னு மருமகன் சொன்னார்.

"எனக்கு அதைப் பார்க்கணும்."

கல்யாணம் ஆகி முப்பத்தோரு வருஷத்துல, கோயிலைத் தவிர வேற எதையும் பார்க்கணும்னு அது வாயைத் திறந்து கேட்டதில்லை. ஊருக்குக் கிளம்ப அப்ப ஒன்பது நாள்தான் இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரியே மகள் கம்ப்யூட்டரைத் திறந்தா. அந்த மியூசியத்துல வாசல்ல கவுண்டர் வெச்சு டிக்கெட் விக்கிற வழக்கம் இல்லை. இணையத்துல, நாளும் நேரமும் குறிச்சுத்தான் வாங்கணும். வருஷச் சந்தா மாதிரி மியூசியம் அட்டை வெச்சிருக்கிறவங்களும் நேரம் பதியணும். பதினெட்டு வயசுக்குக் கீழ இருந்தா இலவசம், ஆனா அதுக்கும் பதிவு வேணும். நாங்க இருக்கப்போற ஒன்பது நாளும் தீர்ந்துபோச்சுன்னு காட்டுச்சு. ஒரு மாசம் முன்னாடியே வாங்கி வெச்சிருக்கலாமேன்னு நீங்க கேட்பீங்க. பச்சப்புள்ள இருக்கிற வீட்டுல அடுத்த வியாழக்கிழமை பதினொரு மணிக்கு என்ன நடக்கும்னு யார் சொல்ல முடியும்?

வேற வழி என்னென்னன்னு மகள் பட்டியல் போட்டா. படகு சவாரியோட மியூசியத்தையும் சேர்த்து விக்கிற ஏஜென்சிங்க இருக்காங்க. அவங்ககிட்ட சில சமயம் மிச்சம் இருக்கும், விலைதான் கூட. இல்லைன்னா ஓட்டர்லோ ஊர்ல குரோலர்-முல்லர்னு இன்னொரு மியூசியம். பெரிய தேசியப் பூங்காவுக்கு நடுவுல இருக்கு. உலகத்துலயே வான்கோ படங்கள் அதிகம் இருக்கிற ரெண்டாவது இடம் அதுதான். கிழங்கு சாப்பிடுறவங்களை அவர் முதல்ல வரைஞ்சு பார்த்த இன்னொரு படம் அங்க இருக்கு. "அங்க போலாமாம்மா?"ன்னு கேட்டா.

"முதல்ல வரைஞ்சு பார்த்தது வேணாம். முடிச்ச படத்தைத்தான் பார்க்கணும்" என்றது இது.

அப்பத்தான் நான் மகளைக் கேட்டேன். "பாப்பா, எத்தனை பேருக்குன்னு போட்டுத் தேடுற?"

"மூணு பெரியவங்க, ஒரு குழந்தை. நாலு பேருக்குப்பா."

எங்க மலை பஸ்ல ஏறினவங்களுக்குத் தெரியும். சாயங்காலம் கடைசி பஸ் நிறைமாசக்காரி மாதிரி வந்து நிக்கும். குடும்பமா நிக்கிறவங்களைப் பார்த்து கண்டக்டர் கையை ஆட்டிருவார். ஓரமா தனியா நிக்கிறவனைப் பார்த்து, "ஒரு ஆள்னா ஏறு" என்பார். நாலு பேருக்கு இடம் இல்லாத வண்டியில ஒருத்தருக்கு எப்பவும் இடம் இருக்கும்.

"ஒரு ஆளுக்குன்னு போட்டுப் பாரு" என்றேன்.

அன்னைக்கு ராத்திரி அதுவும் இல்லைன்னுதான் வந்துச்சு. ஆனா மகள் விடலை. ராத்திரி பால் கொடுக்க எந்திரிக்கும்போதெல்லாம் போன்ல பார்த்தா. மூணாவது நாள் விடிகாலையில, வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஒரே ஒரு இடம் காட்டுச்சு. உடனே வாங்கிட்டா. வாங்கின பிறகு எங்களை எழுப்பி, "யார் போறீங்க?"ன்னு கேட்டா. "அப்பா போகட்டும், எனக்கு இங்கிலீஷ் தெரியாது" என்று இது பின்வாங்குச்சு. கேட்டது நீ, நீதான் போகணும்னு சொல்லிட்டேன்.

வியாழக்கிழமை ரயில்ல ஒண்ணேகால் மணி நேரம், அப்புறம் ட்ராம். மியூசியத்துக்கு வெளியில பெரிய புல்வெளி. மகள் அம்மாவோட போன்ல டிக்கெட்டை ஏத்தி, கூடவே அந்தப் படத்தோட போட்டோவையும் போட்டுக் கொடுத்தா. "யார்கிட்டயாவது இதைக் காட்டும்மா, கை காட்டுவாங்க. பார்த்து முடிச்சாத்தான் வெளிய வரணும். உள்ள போயிட்டா எவ்வளவு நேரம் வேணா இருக்கலாம்." சேலையும் ஸ்வெட்டருமா அது அந்தக் கண்ணாடி வாசல்ல நுழையுறதைப் பார்த்துக்கிட்டே நின்னோம். கிழங்கு லோடு ஏத்தின வண்டி மலை இறங்கும்போது வயித்துல ஒண்ணு பிசையுமே, அப்படித்தான் எனக்கு இருந்துச்சு.

பேத்தியைத் தோள்ல போட்டுக்கிட்டு நான் புல்வெளியில நடந்தேன். மகள் போனை விடலை. பன்னெண்டரைக்கு, "அப்பா, ஒரு மணிக்கு ஒண்ணு இருக்கு!" என்றா. அதுவும் ஒரு ஆளுக்குத்தான்.

நான் உள்ள போனப்ப, ரெண்டு மணி நேரமா அது அந்தப் படத்துகிட்டயே இருந்திருக்கு. போட்டோவைப் பார்த்ததும் காவலுக்கு நின்ன பொண்ணே கூட்டிட்டு வந்து விட்டாளாம். படம் ஒண்ணும் பெருசு இல்லை, ஒன்றே கால் மீட்டர் அகலம்கூட வராது. ஒரு எண்ணெய் விளக்கு, அதைச் சுத்தி அஞ்சு பேர், நடுவுல ஆவி பறக்கிற கிழங்குத் தட்டு. மத்த படங்கள்ல மஞ்சளும் நீலமும் பளபளக்குது. இது மட்டும் மண் கலரு. தோல் உரிக்காத, மண் ஒட்டின கிழங்கு மாதிரி நிறம் இருக்கணும்னு வான்கோவே தம்பிக்கு எழுதியிருக்காராம். தட்டுக்கு நீளுற இதே கையாலதான் அவங்க மண்ணைத் தோண்டினாங்கன்னு காட்டத்தான் வரைஞ்சேன்னும் சொல்லியிருக்கார்.

இதெல்லாம் தெரியாமலே வீட்டுக்காரம்மா எனக்குப் படத்தை விளக்குச்சு. "பாருங்க, பொடிக்கிழங்கா இருக்கு. பெருசை எல்லாம் சந்தைக்கு அனுப்பிட்டாங்க." எங்க வீட்டுலயும் அப்படித்தான். தரம் பிரிச்சு மூட்டை கட்டினது போக, மண்டிக்காரன் வேண்டாம்னு கழிக்கிறதுதான் அடுப்புக்கு வரும். "கிழவி ஊத்துறது கடுங்காப்பி. இந்த முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிற புள்ளைதான் இந்தப் பாத்திரத்தை எல்லாம் கழுவணும்."

பக்கத்துல ஆள் வருது, போட்டோ எடுக்குது, போகுது. நாங்க அரை மணி நேரம் சேர்ந்து நின்னோம். பசி எடுத்துத்தான் வெளிய வந்தோம்.

போறவங்களுக்கு இவ்வளவுதான் சொல்ல இருக்கு. மியூசியத்தோட சொந்தத் தளத்துலயே தேடுங்க. ஒரு ஆளுக்குன்னு போட்டுத் தேடுங்க. விடிகாலையிலயும், போற நாள் அன்னைக்கும் பாருங்க. யாராவது வர முடியாம விட்ட இடம் அப்பத்தான் எங்களுக்குக் கிடைச்சுது. குடும்பமா ஒரே நேரத்துல நுழையணும்கிற ஆசையை விட்டுடுங்க. முதல்ல போறவங்க உள்ள இருந்தா, பின்னால வர்றவங்க அங்க போய்ச் சேர்ந்துக்கலாம்.

யார் முதல்ல போறதுங்கிறதை மட்டும் வீட்டுலயே பேசி முடிச்சிட்டுக் கிளம்புங்க.